அலிகோ: ஓப்ராக் மலைமேட்டு உணவைப் புதுச்சேரி அடுப்பில் செய்யும் முறை

அலிகோ என்பது மசித்த உருளைக்கிழங்கு, உப்பிடாத புதிய சீஸ், வெண்ணெய், கிரீம், பூண்டு ஆகியவை சேர்ந்து உருவாகும் உணவு. நன்றாக வந்த அலிகோவைத் துடுப்பால் அள்ளித் தூக்கினால், அது அறுபடாமல் ஒரு முழ நீளத்துக்குப் பட்டு நாடாவாக இழுபடும். தென் பிரான்சில் ஆவெய்ரோன், லோசேர், கந்தால் என்ற மூன்று மாவட்டங்கள் சந்திக்கும் ஓப்ராக் மலைமேடுதான் இதன் பிறப்பிடம். இதற்கு வேண்டிய பொருள்களில் ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் புதுச்சேரி பெரிய மார்க்கெட்டிலும் தெருமுனைப் பால் கடையிலும் ஒரே காலையில் வாங்கிவிடலாம். மீதமுள்ள அந்த ஒன்று, தோம் என்று அழைக்கப்படும் புளித்த புதுச்சீஸ். அதை வீட்டில்தான் செய்ய வேண்டியிருக்கிறது. இந்தக் குறிப்பின் பெரும்பகுதி தோமைப் பற்றியே பேசுவதற்குக் காரணம் உண்டு. அலிகோ இழுபடுமா, அறுந்து உதிருமா என்பது, அடுப்பு மூட்டுவதற்குப் பல மணி நேரம் முன்பே, துணிக்குள் கட்டிவைத்த பால்கட்டி புளித்துக்கொண்டிருக்கும் வேளையிலேயே முடிவாகிவிடுகிறது. மலையில் அந்தப் புளிப்பைக் குளிர் மெதுவாக நடத்தித் தந்தது. நம் கடற்கரையில் சமைப்பவர்தான் பக்கத்தில் இருந்து கவனித்து நடத்த வேண்டும்.

மலையும் மாடும்

ஓப்ராக் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,000 முதல் 1,400 மீட்டர் வரை உயர்ந்து கிடக்கும், மரம் குறைந்து புல் மிகுந்த பரந்த மேடு. எரிமலைக் குழம்பு உறைந்து உண்டான கரும்பாறையும் கருங்கல்லும் அடியில் பரவியிருக்கும் அந்த நிலத்தில், நீண்ட பனிக்காலத்துக்கு நடுவே தானியப் பயிர் செய்வது எக்காலத்திலும் கடினமாகவே இருந்திருக்கிறது. அங்கே தாராளமாக விளைந்தது புல் ஒன்றுதான். புல்லை மனிதன் உண்ண முடியாது. மாடு உண்டு பாலாக்கித் தரும். ஆனால் கோடையில் பெருகும் அந்தப் பாலைச் சாலையில்லாத மலையிலிருந்து கெடாமல் கீழே கொண்டுசெல்லவும் முடியாது. ஆகவே, கறந்த இடத்திலேயே பாலைக் கெட்டிப்படுத்தி, பனிக்காலம் முழுவதும் தாங்கும் பெரிய உருளைச் சீஸாக மாற்றும் தொழில் அங்கே வேரூன்றியது.

மாடுகள் மே 25 ஆம் நாள், புனித உர்பான் திருநாளை ஒட்டி, மலைக்கு ஏறும். அக்டோபர் 13, புனித ஜெரால்டு திருநாளை ஒட்டி, பள்ளத்தாக்குக்கு இறங்கும். இடைப்பட்ட 142 நாட்களும் மேய்ச்சல் காலம். ஏறும் நாளில் மாடுகளுக்குப் பூவும் கொடியும் சூட்டி, கழுத்தில் கனத்த மணிகளைக் கட்டி ஊர்வலமாக ஓட்டிச்செல்லும் வழக்கம் இன்றும் தொடர்கிறது. மேலே, தட்டையான கற்பலகைகளால் கூரை வேய்ந்த தடித்த கற்குடில்கள் மேய்ச்சல் நிலங்களுக்கிடையே தனித்தனியாக நின்றன. புரோன் எனப்படும் அந்தக் குடில்களில் ஆண்கள் மட்டும் கோடை முழுவதும் தங்கினார்கள். சீஸ் செய்யும் தலைவன், மாடு மேய்ப்பவன், கன்றுகளைப் பார்த்துக்கொள்பவன், எடுபிடி வேலைக்கு ஒரு சிறுவன் என்று அவர்களுக்குள் படிநிலை இருந்தது. கன்றுகளுக்கென்றே ஓர் ஆள் வேண்டியிருந்ததன் காரணம் நம் ஊர்ப் பால்காரருக்கு உடனே விளங்கும். கண்ணைச் சுற்றிக் கரிய விளிம்பு கொண்ட, மங்கிய பழுப்பு நிறமுடைய ஓப்ராக் பசு, தன் கன்று முதலில் ஊட்டி அருகில் நின்றால்தான் பால் சுரக்கும். நம் நாட்டுப் பசுக்களுக்கும் அதே குணம்.

கறந்த பாலை, சூடு ஆறுவதற்கு முன்பே, ரென்னெட் என்னும் நொதியைச் சேர்த்து உறையவைத்தார்கள். கன்றின் இரைப்பையிலிருந்து கிடைப்பது அந்த நொதி. உறைந்த கட்டியை நறுக்கி, தெளிநீரை வடித்து, பலகையால் மீண்டும் மீண்டும் அழுத்திக் கெட்டியாக்கினால் கிடைப்பதே தோம். அதை ஓர் இரவு புளிக்கவிட்டு, மறுநாள் உதிர்த்து, உப்பு கலந்து, அச்சில் நிரப்பி, மறுபடி அழுத்தி, பிறகு நிலவறையில் குறைந்தது நான்கு மாதம் முதிரவைத்தால் லையோல் என்ற சீஸ் உருவாகிறது. அதாவது தோம் தனிச் சீஸ் அல்ல. பெரிய சீஸுக்குப் போகும் வழியில் ஓர் இடைநிலை. புளித்தாயிற்று, உப்பு இன்னும் சேரவில்லை என்ற அந்த ஒரு கட்டத்தில் கொஞ்சம் எடுத்து, குடிலில் இருக்கும் உருளைக்கிழங்கோடும் பாலேட்டோடும் சேர்த்துக் கிண்டி உண்டார்கள். விற்பனைக்குரிய பொருள் முதிர்ந்த சீஸ். அதைத் தொடாமல் வயிறு நிரம்ப ஒரு வேளை உணவு கிடைத்தது. வடித்த தெளிநீரும் வீணாகவில்லை. அதைக் குடித்து வளரப் பன்றிகளும் புரோனுக்குப் பக்கத்திலேயே இருந்தன.

உருளைக்கிழங்கு வருவதற்கு முன்னால் அந்த இடத்தில் ரொட்டி இருந்தது என்பது அப்பகுதியின் வழிவழிச் செய்தி. பிரான்சின் லெ புய் நகரிலிருந்து ஸ்பெயினின் சந்தியாகோ தெ கொம்போஸ்தெலாவுக்கு நடந்துசெல்லும் யாத்திரைப் பாதை ஓப்ராக்கைக் கடந்துதான் போகிறது. பனியிலும் மூடுபனியிலும் வழி தவறிய யாத்திரிகர்களுக்காக 12 ஆம் நூற்றாண்டில் அங்கே ஒரு மடம் எழுந்தது. தொலைந்தோருக்கான மணி என்று பெயர்பெற்ற மணியை ஒலித்து, பார்வைக்கு எட்டாத தொலைவில் இருந்தவர்களை அந்த மடம் தன்னிடம் வரவழைத்தது. வந்தவர்களுக்குத் துறவிகள் ரொட்டியையும் புதுச்சீஸையும் சேர்த்துக் காய்ச்சிக் கொடுத்தார்கள் என்றும், உருளைக்கிழங்கு மலைக்கு வந்து பரவியபின் ரொட்டியின் இடத்தை அது பிடித்துக்கொண்டது என்றும் சொல்வார்கள்.

20 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மலைக்குடில்களில் கோடை முழுவதும் தங்கி உழைக்க ஆள் கிடைக்காமல், புரோன்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. சீஸ் தொழிலே அழிந்துவிடும் என்ற நிலையில், 1960 இல் இளம் விவசாயிகள் லையோல் ஊரில் ழேன் மோந்தாஞ் என்ற கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார்கள். அடுத்த ஆண்டே, 1961 இல், லையோல் சீஸுக்குப் பிறப்பிடப் பெயர்ப் பாதுகாப்பு கிடைத்தது. அந்தக் கூட்டுறவுதான் இன்றும் தோமையும் ஆயத்த அலிகோவையும் பிரான்ஸ் முழுவதும் அனுப்புகிறது. ஆவெய்ரோனிலிருந்து பிழைப்புத் தேடிப் பாரீசுக்குப் போய்க் காப்பிக் கடைகள் நடத்திய குடும்பங்களும் இந்த உணவைத் தங்களோடு எடுத்துச்சென்றன. ஊரை விட்டுப் போனவர்கள் உணவை விடாமல் வைத்திருப்பதை, பிரான்சில் உறவினர் இல்லாத தெருவே அரிது என்னும் புதுச்சேரியில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

பனீர் ஏன் உதவாது

இதைக் கேட்கும் எல்லோரும் முதலில் நினைப்பது பனீரைத்தான். பனீர் உருகாது, இழுபடாது. எவ்வளவு நேரம் கிண்டினாலும் உருளைக்கிழங்கில் பொடிப்பொடியாகத் தங்கிவிடும். கொதிக்கும் பாலில் எலுமிச்சைச் சாற்றை ஊற்றித் திரிய வைக்கும்போது, பாலின் எல்லாப் புரதங்களும் சூட்டில் ஒன்றோடொன்று இறுகிப் பின்னிக்கொள்கின்றன. அந்தப் பின்னல் பிறகு எந்தச் சூட்டுக்கும் நெகிழ்வதில்லை. ரென்னெட் செய்யும் வேலை வேறு. அது மிதமான சூட்டில் கேசீன் என்னும் புரதத்தை மட்டும் ஒன்றுசேர்க்கிறது. அப்போது புரதத் துணுக்குகளைக் கட்டிப்பிடித்திருப்பது பாலிலுள்ள கால்சியம். பால்கட்டி மெல்லப் புளிக்கப் புளிக்க, உண்டாகும் அமிலம் அந்தக் கால்சியத்தில் ஒரு பங்கைக் கரைத்துத் தெளிநீரோடு வெளியேற்றுகிறது. பிடி தளர்ந்த புரதம், சூடு பட்டதும், அறுந்துபோகாமல் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி நீள்கிறது. அமிலத்தன்மையை அளக்கும் பிஎச் அளவில் இது 5.2 அல்லது 5.3 என்ற இடத்தில் நிகழும். அதற்கு முந்தினால் கட்டி ரப்பராக அறுபடும். 5 க்கும் கீழே இறங்கிவிட்டால் கால்சியம் அளவுக்கு மீறிப் போய்விடுவதால் மணல்போல் உதிரும். இந்தக் குறுகிய இடைவெளியைப் பிடிப்பதுதான் தோம் செய்பவரின் முழுத் திறமையும்.

பாலும் உறையும்

5 லிட்டர் பசும்பால் வாங்குங்கள். சுமார் 500 கிராம் தோம் கிடைக்கும். வில்லியனூர், பாகூர்ப் பக்கத்திலிருந்து வரும் கறந்த பால் கிடைக்குமானால் அதற்கு ஈடில்லை. கிடைக்காதவர்கள் பாண்லே பாலிலோ, கடலூரில் இருப்பவர்கள் ஆவின் பாலிலோ, கொழுப்பு நிறைந்த வகையை எடுத்துக்கொள்ளலாம். கொழுப்பு குறைத்த பாலும், அட்டைப் பெட்டியில் மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும் பாலும் இதற்கு உதவா. அதீதச் சூடு கண்ட பாலில் ரென்னெட் சரியாகப் பிடிக்காது. அதே காரணத்தால், கறந்த பாலையும் பொங்கக் காய்ச்சக் கூடாது. காய்ச்சாமல் பயன்படுத்துவதும் தகாது. ஓப்ராக்கில் காய்ச்சாத பாலில்தான் செய்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் அங்கே மாட்டின் உடல்நலமும் பாலின் தரமும் இடைவிடாது சோதிக்கப்படுகின்றன. நம் ஊரில் மாட்டிலிருந்து மனிதருக்குப் பரவும் காசநோயும் புருசெல்லா காய்ச்சலும் கற்பனைகள் அல்ல. ஆகவே, சமையல் வெப்பமானியை வைத்துக்கொண்டு, பாலை 63 பாகை செல்சியஸ் சூட்டுக்குக் கொண்டுவந்து, 30 நிமிடம் அதே சூட்டில் வைத்திருந்து, பிறகு பாத்திரத்தைக் குளிர்ந்த நீர்த் தொட்டியில் இறக்கி 33 பாகைக்கு ஆற்றுங்கள். பாக்கெட் பால் ஏற்கனவே பதப்படுத்தப்பட்டது என்பதால் 33 பாகைக்குச் சூடாக்கினாலே போதும். ஆனால் அதில் உணவுத்தரக் கால்சியம் குளோரைடு கால் தேக்கரண்டியை அரைக் குவளை நீரில் கரைத்துச் சேர்த்தால் கட்டி உறுதியாக உறையும்.

ஆறிய பாலில், அன்று காலை உறைந்த, அதிகம் புளிக்காத கெட்டித் தயிர் ஐந்து மேசைக்கரண்டி எடுத்து, கட்டியில்லாமல் அடித்துக் கலந்து, அரை மணி நேரம் மூடிவையுங்கள். சீஸ் செய்வோர் தனியாக வாங்கும் நுண்ணுயிர்த் தூளின் வேலையை நம் வீட்டுத் தயிரே செய்துவிடுகிறது. 33 பாகை என்பது புதுச்சேரியில் ஆண்டின் பாதி நாட்களில் அறையின் இயல்பான சூடே ஆகும். மார்கழி, தை மாதங்களில் மட்டும் பாத்திரத்தைக் கனத்த துணியால் சுற்றிவைக்க வேண்டும்.

ரென்னெட்டைப் பொறுத்தவரை, நுண்ணுயிரிலிருந்து எடுக்கப்படும் சைவ வகை சொட்டு மருந்துபோலவும் மாத்திரையாகவும் இணையக் கடைகளில் கிடைக்கிறது. புட்டியில் 5 லிட்டருக்கு எவ்வளவு என்று அச்சிட்டிருக்கிறதோ அவ்வளவே போதும், கூடினால் கசக்கும். காய்ச்சி ஆறவைத்த நீர் கால் குவளையில் அதைக் கரைத்துக்கொள்ளுங்கள். குழாய்த் தண்ணீரிலுள்ள குளோரின் நொதியைக் கெடுத்துவிடும் என்பதற்காகத்தான் காய்ச்சச் சொல்வது. பாலில் ஊற்றி, மேலும் கீழுமாக ஒரு நிமிடம் மெதுவாகக் கலக்கி, உடனே கலக்குவதை நிறுத்தி, பாத்திரத்தை அசைக்காமல் 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை விட்டுவிடுங்கள். கத்தியைச் சாய்வாகச் செருகித் தூக்கினால், கட்டி நேர்கோட்டில் பிளந்து, பிளவில் தெளிந்த இளமஞ்சள் நீர் ஊற வேண்டும். கட்டி குழைந்தாலோ நீர் வெள்ளையாக இருந்தாலோ இன்னும் பத்து நிமிடம் பொறுங்கள்.

பிறகு நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் அறுத்து, சோளமணி அளவுத் துண்டுகளாக்கி, ஐந்து நிமிடம் அமைதியாக விட்டு, அதன்பின் கால் மணி நேரம் கையாலோ அகன்ற கரண்டியாலோ மெதுவாகக் கலக்க வேண்டும். துண்டுகள் சுருங்கிக் கெட்டிப்பட்டு அடியில் இறங்கும். அவற்றை நனைத்த மல் துணியில் வடித்து, துணியை முறுக்கிக் கட்டி, துளைத் தட்டின்மேல் வைத்து, மேலே அம்மிக் குழவியை ஏற்றுங்கள். அரை மணிக்கு ஒருமுறை பிரித்து, கட்டியை நான்காக அறுத்து, துண்டுகளை இடம் மாற்றி அடுக்கி, மறுபடி பாரம் ஏற்ற வேண்டும். ஓப்ராக் தோம் கெட்டியாகவும் மீள்தன்மையோடும் இருப்பதற்கு இந்த அறுத்து அழுத்தும் வேலைதான் காரணம். சோம்பல் பார்த்து ஒரே தடவையில் பாரம் ஏற்றி விட்டுவிட்டால், நடுவில் ஈரம் தங்கிச் சீரற்றுப் புளிக்கும். மொத்தம் இரண்டு மணி நேரம் இதற்குப் போகும். வடியும் தெளிநீரைச் சப்பாத்தி மாவு பிசையவும், கஞ்சி காய்ச்சவும் வைத்துக்கொள்ளலாம்.

புளிக்கும் நேரம்

இங்கேதான் மலையின் கணக்கு நம் ஊருக்குப் பொருந்தாமல் போகிறது. பிரெஞ்சுச் செய்முறைகளில், அழுத்திய கட்டியை மறுநாள் வரை வை என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். கற்சுவர்க் குடிலின் குளிர்ந்த இருட்டில் அந்த ஓர் இரவு சரியான அளவு. சித்திரை, வைகாசியில் நம் சமையலறையில் அதே கட்டியை இரவு முழுவதும் வைத்தால், விடியும்போது அது உதிர்ந்த புளிப்புக் குவியலாக இருக்கும். அறைச்சூடு 30 பாகையைத் தாண்டும் நாட்களில், அழுத்தி முடித்த மூன்றாவது மணி நேரத்திலிருந்தே சோதிக்கத் தொடங்குங்கள். மார்கழியில் அதே வேலைக்கு ஆறு, ஏழு மணி நேரம் பிடிக்கலாம். ஆனால் மணிக்கணக்கை நம்பாதீர்கள். தயிரின் வீரியம், பாலின் தன்மை, மழை நாள், வெயில் நாள் என்று ஒவ்வொன்றும் அதை மாற்றும். முதல்முறை செய்பவர் மார்கழி, தையைத் தேர்ந்தெடுப்பது நல்லது. மெதுவாகப் புளிக்கும்போது சரியான தருணத்தைத் தவறவிடும் வாய்ப்புக் குறைவு.

கட்டியை ஈரத் துணியில் சுற்றி, மூடிய பாத்திரத்தில் வையுங்கள். அரை மணிக்கு ஒருமுறை சுண்டைக்காய் அளவு கிள்ளி எடுத்து, கை பொறுக்காத சூடுள்ள நீரில், அதாவது 80 பாகை அளவில், ஒரு நிமிடம் ஊறவிட்டு, கரண்டியால் அழுத்திப் பிசைந்து, இரு விரல்களால் இழுத்துப் பாருங்கள். அறுந்தால் இன்னும் நேரம் ஆகவில்லை. மினுமினுப்பாகி, விரல் நீளத்துக்குச் சீராக நீண்டால் அதுவே தருணம். வெந்நீரில் கரைந்து குழம்பினால் தருணம் கடந்துவிட்டது. பிஎச் தாள் வைத்திருப்பவர்கள் அதையும் பார்க்கலாம். ஆனால் வெந்நீர்ச் சோதனையைவிட நம்பத்தக்க அளவுகோல் வீட்டுச் சமையலறையில் கிடையாது என்பது என் உறுதியான கருத்து. புளிப்பு வாசனை மோரை நினைவூட்டும் அளவில் இருக்கும். கட்டியை அறுத்தால் உள்ளே சிறு துளைகள் தெரியும்.

தருணம் வந்ததும் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். குளிர்தான் புளிப்பைக் கட்டிப்போடும். உப்புச் சேர்க்கக் கூடாது. இரண்டு மூன்று நாட்களுக்குள் சமைத்துவிட வேண்டும், அல்லது காற்றுப் புகாமல் சுற்றி உறைபெட்டியில் வைத்தால் சில வாரங்கள் தாங்கும். பிரான்சிலும் தோமை உறையவைத்தே பல கடைகளில் விற்கிறார்கள், அதனால் சுவை குறைந்துவிடுமோ என்று தயங்க வேண்டியதில்லை.

இத்தனைக்கும் நேரமில்லாதவர்கள், கெட்டியான, உப்புக் குறைந்த மொசரெல்லாவை வாங்கிச் செய்யலாம். மொசரெல்லா அதே ரென்னெட், அதே புளிப்பு, அதே கால்சியக் கணக்கில் உருவாவது. இழுபடுவதில் குறை வைக்காது. ஆனால் தோமில் இருக்கும் மோர்ப் புளிப்பும் பால்மணமும் அதில் வராது. ஒரு மேசைக்கரண்டி கெட்டித் தயிரைக் கிரீமில் கலந்து முந்தின நாளே வைத்தால் கொஞ்சம் ஈடுகட்டலாம். பதப்படுத்திய சீஸ் துண்டுகளை மட்டும் சேர்க்காதீர்கள். அவற்றிலுள்ள உப்புக்கள் சீஸைக் கூழாக்கவே சேர்க்கப்பட்டவை, இழை விட அவற்றால் முடியாது.

அடுப்பில்

நான்கைந்து பேருக்கு, 1 கிலோ உருளைக்கிழங்கு, 400 கிராம் தோம், 100 கிராம் உப்பில்லாத வெண்ணெய், 200 கிராம் கிரீம், இரண்டு மூன்று பல் பூண்டு, உப்பு, வெண்மிளகுத் தூள் கொஞ்சம். கிரீம் புளித்ததாக இருக்க வேண்டும்; பெட்டியில் வரும் கிரீமில் ஒரு கரண்டித் தயிரைக் கலந்து நான்கைந்து மணி நேரம் வெளியில் வைத்து, பிறகு குளிரவைத்தால் போதும். பூண்டுக்குக் கொடைக்கானல் மலைப்பூண்டு கிடைத்தால், அதன் காரம் மிகுதி என்பதால் ஒரே பல் போதும். கிழங்கைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் தேவை. மேட்டுப்பாளையம் வழியாக வரும் ஊட்டிக் கிழங்கில், தோல் முற்றி, சில வாரங்கள் இருப்பில் இருந்ததைக் கேட்டு வாங்குங்கள். தோல் விரலால் உரியும் புதுக்கிழங்கு பசையாகக் குழையும். குளிர்கிடங்கில் நெடுநாள் கிடந்த கிழங்கு இனிக்கும்.

கிழங்கைத் தோலுரித்துப் பெரிய துண்டுகளாக்கி, உப்பிட்ட நீரில் வேகவைத்து, நீரை முற்றிலும் வடித்து, அதே சூடான பாத்திரத்தில் இரண்டு நிமிடம் குலுக்கி ஈரம் போக்குங்கள். பிறகு சூடு ஆறுவதற்குள் இடியாப்ப அச்சில் பிழிந்துவிடுங்கள். பிரெஞ்சுச் சமையலறைகளில் கிழங்கு பிழியும் கருவிக்கும் நம் இடியாப்ப அச்சுக்கும் வேலையில் வேறுபாடே இல்லை. அச்சு இல்லாவிட்டால் கீரை மத்தால் கடையலாம். மிக்சியில் மட்டும் போடக் கூடாது. அதன் வேகத்தில் மாவுச்சத்துத் துகள்கள் உடைந்து கிழங்கு பசையாகிவிடும், பிறகு எந்தச் சீஸாலும் அதை மீட்க முடியாது.

அடி கனத்த பாத்திரத்தை மிகச் சிறு தீயில் வைத்து, பிழிந்த கிழங்கையும் வெண்ணெயையும் கலந்து, நசுக்கிய பூண்டோடு சூடாக்கிய கிரீமைச் சிறிது சிறிதாக ஊற்றி, வழுவழுப்பாகும் வரை கிண்டுங்கள். உப்பை இப்போதே சரிபாருங்கள். தோமில் உப்பில்லை என்பதால் கிழங்கு சற்றே உப்புக் கூடி இருக்கலாம். ஒரு மணி நேரம் முன்பே குளிர்பெட்டியிலிருந்து எடுத்து வைத்த தோமை மெல்லிய சீவல்களாக்கி, மூன்று நான்கு பங்காகச் சேருங்கள். ஒரு பங்கு கரைந்து மறைந்தபின் அடுத்தது.

இனி கை வேலை. கேழ்வரகுக் களி கிண்டியவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை: பாத்திரத்தை ஒரு காலால் அல்லது கவையால் அணைத்துக்கொண்டு, மரத் துடுப்பை அடிவரை செலுத்தி, ஒரே திசையில் சுழற்றி, ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் மேலே தூக்கி இழுத்து மடிக்க வேண்டும். களியில் கட்டி தட்டாமல் இருப்பதற்காகக் கிண்டுகிறோம். இங்கே புரத இழைகளை ஒரே போக்கில் நீட்டி அடுக்குவதற்காக. முதல் ஐந்து நிமிடம் கலவை திட்டுத்திட்டாக, தோற்றுப்போன சமையலைப் போலத் தெரியும், தளராமல் தொடருங்கள். பத்தாவது நிமிடம் வாக்கில் அது பாத்திரத்தின் ஓரத்தை விட்டுச் சுருண்டு வரும், மேற்பரப்பு பளபளக்கும், துடுப்பைத் தூக்கினால் அகன்ற நாடா விழாமல் தொங்கும். அந்த நிமிடமே அடுப்பை அணைத்துவிட வேண்டும். இன்னும் நன்றாக வரட்டும் என்று கிண்டிக்கொண்டே போனால் இழைகள் அறுந்து, வெண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும். தீ கூடினாலும் இதே விளைவுதான். உள்ளே குமிழி விட்டுக் கொதிக்கும் நிலைக்கு எக்காரணம் கொண்டும் போகக் கூடாது.

ஓப்ராக்கில் வறுத்த பன்றி இறைச்சிச் சாசேஜை இதனுடன் பரிமாறுவது வழக்கம். சைவம் உண்போர் மிளகு தூவி வதக்கிய காளானையோ, வினிகர் தெளித்த தக்காளி, வெங்காயத்தையோ பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். இவ்வளவு கொழுப்புக்குப் புளிப்பான துணை ஒன்று வேண்டும். அலிகோவிலேயே பச்சை மிளகாயும் மசாலாவும் சேர்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், வேண்டாம் என்பதே. பாலின் மணம்தான் இந்த உணவு. அதை மூடிவிட்டால் இத்தனை மணி நேர உழைப்புக்கும் பொருளில்லை. மேசைக்குப் பாத்திரத்தோடு கொண்டுபோய், தட்டில் வைக்கும்போது உயரத் தூக்கி, துடுப்பின் விளிம்பால் அறுத்து விடுங்கள். மலையில் தட்டு ஆறிக் கட்டியாகிவிடும் என்ற அவசரம் உண்டு; நம் ஊர் வெக்கையில் மின்விசிறியை மட்டும் நிறுத்திவைத்தால் நிதானமாகவே உண்ணலாம்.

மீந்த அலிகோவை மறுநாள் சூடாக்கினால் பழைய இழை வராது. அதைக் குளிரவைத்து, வடை அளவில் தட்டி, தோசைக்கல்லில் வெண்ணெய் விட்டு இருபுறமும் சிவக்கச் சுட்டால் வெளியே மொறுமொறுப்பாகவும் உள்ளே நெகிழ்வாகவும் இருக்கும். மீந்தது அலிகோ அல்ல, தோம்தான் என்றால், அல்லது இழுவைச் சோதனையில் சற்று முந்திவிட்ட கட்டி கையில் இருந்தால், பக்கத்து ஓவெர்ஞ் மலைக்காரர்களின் த்ரூஃபாது உணவைச் செய்யலாம். கிழங்கை மெல்லிய வில்லைகளாக நறுக்கி, பன்றிக் கொழுப்பிலோ நெய்யிலோ பூண்டோடு பொன்னிறமாக வதக்கி, தீயைக் குறைத்து, தோம் துண்டுகளை மேலே பரப்பி, அவை உருகிக் கிழங்கோடு ஒட்டும்வரை ஓரிரு தடவை புரட்டி இறக்க வேண்டும். அதற்கு நாடாபோல் இழுபடும் தோம் தேவையில்லை, உருகினால் போதும்.